எழுத்துள்ள பக்கம்

பரணில் கிடந்த தகரப் பெட்டியை இறக்கியது பழைய போட்டோக்களைத் தேடித்தான். போட்டோ எதுவும் கிடைக்கவில்லை. அந்துருண்டை வாசனையோடு ஆச்சியின் போர்வை கிடைத்தது.

போர்வை என்று எழுதுவது உங்களுக்குப் புரிவதற்காக. எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் 'ஒட்டு'. மார்கழி மாதத்தில் வாசுதேவநல்லூரில் மேற்கே மலையிலிருந்து இறங்குகிற குளிர் விடியற்காலை நாலு மணிக்குத்தான் உறைக்கும். அந்த நேரத்தில் ஆச்சி இருட்டுக்குள்ளிருந்து, "ஏளா, ஒட்ட இழுத்துப் போத்து" என்பாள். ஆச்சி இறந்து பதினோரு வருடமாகிறது. அந்தக் குரலைக் கேட்க வேண்டுமென்றால் எனக்கு இந்தத் துணியைத் தொட்டால் போதும்.

மேல்பக்கம் முழுக்கச் சேலைத் துண்டுகள். சாயம் வெளிறிய சுங்குடி, அரக்குக் கட்டம், யாருடையதென்று தெரியாத ஒரு பச்சை. நடுவில் தாத்தாவின் பழைய வேட்டிகள் இரண்டு மூன்று மடிப்பு. அடிப்பக்கம் பழுப்பு வெள்ளையில் கெட்டியான துணி. மூன்றையும் சேர்த்து விரல்கடை அகலத்துக்கு ஓட்டுத் தையல். ஒரு மூலையில் நூல் இற்றுப்போய் அடித்துணி பிரிந்து தொங்கியது. அதை மெல்ல மடித்துப் பார்த்தபோது உட்பக்கத்தில் எழுத்து தெரிந்தது. நீலமும் சிவப்புமாக மங்கிய இங்கிலீஷ் எழுத்துகள். ஒரு கேடயம், அதன் மேல் பட்டையும் நட்சத்திரமும், அதற்குக் கீழே குலுக்கிக்கொண்டிருக்கும் இரண்டு கைகள். அமெரிக்க மக்களின் அன்பளிப்பு, விற்கவோ மாற்றவோ கூடாது என்கிற வாசகத்தின் பாதி.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. முப்பது வருடமாக நான் போர்த்திக்கொண்டிருந்த துணிக்குள் ஒரு சரித்திரம் மடிந்து கிடந்திருக்கிறது. முற்றத்து வெளிச்சத்தில் போர்வையை விரித்து, எழுத்து நன்றாகத் தெரியும்படி அடித்துணியை மேலே திருப்பிவைத்து, ஏழெட்டுப் படம் எடுத்தேன். அன்று ராத்திரியே இன்ஸ்டாகிராமில் போட்டேன். 'எதையும் வீணாக்காத ஒரு தலைமுறை. என் ஆச்சியின் கை. 1960கள்' என்று ஒரு குறிப்பும் எழுதினேன். மறுநாள் காலைக்குள் நான் அதுவரை போட்ட எந்தப் படத்துக்கும் வராத வரவேற்பு. இதுதான் அசல் மறுசுழற்சி என்றார்கள். இதயக் குறிகள். சென்னையில் ஒட்டுத்துணிப் பைகள் செய்து விற்கும் ஒருவர், விலைக்குக் கொடுப்பீர்களா என்று தனியாகக் கேட்டிருந்தார்.

சாயங்காலம் அப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். யாரோ சொந்தக்காரப் பையன் போனில் அவரிடம் படத்தைக் காட்டிவிட்டுப் போயிருக்கிறான். அப்பா என்னைத் திட்டவில்லை. "எல்லாத்தையும் போட்டியே, இது அமெரிக்கா வீட்டுப் போர்வைனு போட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

எங்கள் தெருவில் அப்பாவின் வயதுக்காரர்கள் சிலர் அவரை 'அமெரிக்கா' என்று கூப்பிடுவார்கள். சின்ன வயதிலிருந்து எனக்கு அது தெரியும். அப்பா எப்போதும் மடிப்புக் கலையாத டெரிகாட்டன் சட்டையில் இருப்பதால், பகட்டுக்காரர் என்று கேலியாக வைத்த பெயர் என்றுதான் நினைத்திருந்தேன். ஒருமுறை சென்னையிலிருந்து அவருக்குச் சாயம் போடாத கைத்தறித் துணியில் ஒரு குர்தா வாங்கி வந்தேன். விலை இரண்டாயிரத்துச் சொச்சம். கையில் வாங்கித் தடவிப் பார்த்துவிட்டு, "மாவுச்சாக்கு மாதிரி இருக்கு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். ரசனை இல்லாத மனுஷன் என்று அம்மாவிடம் புலம்பினேன். அவர் சொன்னது உவமையே இல்லை என்று இப்போதுதான் தெரிகிறது.

அந்தத் துணி எப்படி எங்கள் வீட்டுக்கு வந்தது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1954-இல் அமெரிக்கா பொதுச்சட்டம் 480 என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. பி.எல். 480 என்றால் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்திருக்கலாம். அமெரிக்க விவசாயிகளிடம் விற்காமல் குவிந்த உபரித் தானியத்தை மற்ற நாடுகளுக்கு அனுப்பும் ஏற்பாடு அது. 1956-இல் இந்தியா முதல் ஒப்பந்தம் போட்டது. அதே 1956-இல்தான் காமராஜர் ஆட்சியில் மதிய உணவுத் திட்டம் எட்டயபுரத்தில் தொடங்கியது. எங்கள் ஊரிலிருந்து கிழக்கே போனால் கரிசல் மண்ணில் இருக்கிற ஊர். ஆரம்பத்தில் ஊர்க்காரர்கள் கொடுத்த அரிசியும் பருப்பும் காய்கறியும்தான் அடுப்பில் ஏறின. 1961 முதல் கேர் என்கிற அமெரிக்கத் தொண்டு நிறுவனம் சேர்ந்துகொண்டது. பால் பவுடர், மக்காச்சோள மாவு, எண்ணெய், வேகவைத்து உலர்த்தி உடைத்த கோதுமை எல்லாம் கப்பலில் வந்து லாரியில் ஏறிப் பள்ளிக்கூடங்களுக்குப் போயின. மஞ்சள் உப்புமா என்று கண் கலங்கச் சொல்கிற ஒரு தலைமுறையே தமிழ்நாட்டில் இருக்கிறது. அந்த மஞ்சள் மக்காச்சோளத்தின் மஞ்சள்.

ஆச்சி அந்த உப்புமாவைக் கிண்டிய கைகளில் ஒருத்தி. அரசாங்கச் சம்பளக்காரி இல்லை. பள்ளிக்கூடத்தில் சமைக்கிற அம்மாளுக்கு ஒத்தாசை. விறகு எடுத்துப் போடுவாள், அண்டா கழுவுவாள். கூலிக்குப் பதில் மிச்ச உப்புமாவும், எப்போதாவது ஒரு காலிச் சாக்கும். பரோட்டாக் கடையிலிருந்து மைதா சாக்கும் வாங்குவாளாம். ஆனால் அமெரிக்கச் சாக்குதான் நயம் என்பது அவள் கருத்து. "கடைச் சாக்கு ரெண்டு தப்புல நூலு நூலாப் போயிரும். அது அப்பிடியில்ல, இழை நெருக்கம்" என்று பேத்தி என்னிடமே சொல்லியிருக்கிறாள். எந்தச் சாக்கு, ஏன் சாக்கு என்று நான் அப்போது கேட்டதில்லை.

சாக்கைக் கிழிக்கக் கூடாது, பிரிக்க வேண்டும். வாய்ப்பக்கத் தையல் சங்கிலித் தையல். சரியான முனையைப் பிடித்து இழுத்தால் சர்ரென்று ஒரே நூலாக வந்துவிடும். தப்பான முனையைப் பிடித்தால் நாள் முழுக்கப் பல்லால் கடிக்க வேண்டியதுதான். அந்த நூலை ஒரு குச்சியில் சுற்றிவைப்பாள். பூக்கட்ட, அப்பளக்கட்டு முடிய, கடைசியில் அதே சாக்கைத் தைக்க. பிரித்த துணியை உவர்மண் கரைத்த தண்ணீரில் இரண்டு நாள் ஊறவைத்து, அவித்து, கல்லில் அடிப்பாள். மாவு வாசனை போகும். எழுத்து முழுசாகப் போகாது. வெளுத்த துணியைத் தலையணை உறைக்கும் உள்பாவாடைக்கும் பிடிதுணிக்கும் பங்கிடுவாள். நல்ல சாக்காக இருந்தால் அப்பாவுக்கு ஒரு டிராயர். அடுத்த தெருத் தையல்காரருக்குக் கூலி கொடுக்க வேண்டும் என்பதால் அதையும் அவளே கோணி ஊசியால் தைத்தாளாம். மழைநாளில் கோணிச் சாக்கின் ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் தள்ளித் தலையில் கவிழ்த்துக்கொண்டு போகிற கொங்காணி இதற்கெல்லாம் முந்தியது. அதை எல்லாரும் போட்டார்கள். பண்ணையாரே போட்டார். அதனால் அதில் யாருக்கும் கூச்சமில்லை.

எங்கள் வட்டாரத்தை நினைத்தால் இது வேடிக்கையாகக்கூட இருக்கும். கிழக்கே கரிசல் முழுக்கப் பருத்தி. வடக்கே ராஜபாளையத்தில் நூற்பு மில். சங்கரன்கோவிலிலும் புளியங்குடியிலும் தறிச் சத்தம். இத்தனைக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, அமெரிக்காவில் விளைந்த பருத்தியில் நெய்து கடல் தாண்டி வந்த சாக்கை ஒருத்தி பிரித்திருக்கிறாள். துணி பக்கத்தில் நெய்யப்படுவதற்கும் துணி வாங்க முடிவதற்கும் சம்பந்தமில்லை.

அன்று திண்ணையில் அப்பா சொன்ன கதை சின்னதுதான். இங்கிலீஷ் எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்திருந்த வகுப்பு. ஆச்சி காக்கிச் சாயப்பொடி வாங்கி டிராயரை முக்கியெடுத்திருந்தாள். போட்டுக்கொண்ட முதல் நாள் அப்பாவுக்கு அவ்வளவு பெருமை, புதுத்துணி அல்லவா. நாலைந்து துவைப்பில் சாயம் இறங்கிவிட்டது. கீழே இருந்த நீலமும் சிவப்பும் இறங்கவில்லை. ஒருநாள் கரும்பலகையில் கணக்குப் போட எழுந்துபோனபோது பின்னால் சிரிப்பு. வாத்தியார் வந்து பார்த்தார். அவர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்றார் அப்பா. திட்டவில்லை. நல்ல பாடம் கிடைத்தது என்கிற மாதிரி அப்பாவை அப்படியே சுவரைப் பார்த்து நிற்கச் சொல்லி, வகுப்பைப் பார்த்து, "எழுத்துக் கூட்டிப் படிங்கலே" என்றாராம். நாற்பது பிள்ளைகளும் சேர்ந்து படித்தார்கள். நாட். டு. பி. சோல்ட். அர்த்தத்தையும் அவரே சொல்லிக்கொடுத்தார். மணியடித்து வெளியே வந்ததும் ஒருத்தன், "இவன விக்கக் கூடாதாம்டே" என்றான். அன்றிலிருந்து அப்பா அமெரிக்கா.

"அந்த வார்த்தையோட ஸ்பெல்லிங்கு எனக்கு இன்னிக்கு வரைக்கும் மறக்கல" என்று சொல்லிச் சிரித்தார். பிறகு மாட்டுக்குத் தண்ணி காட்ட எழுந்துபோனார்.

இதோடு முடிந்திருந்தால் நான் படத்தை நீக்கிவிட்டு ஒரு மன்னிப்புக் கேட்டிருப்பேன். இந்தக் கட்டுரையும் இருந்திருக்காது. இரண்டு நாள் கழித்துப் பெரியத்தை வந்தாள். அப்பாவுக்கு ஐந்து வயது மூத்தவள். புளியங்குடியில் வாக்கப்பட்டவள். போர்வையைப் பார்த்ததும் வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள். "எங்கம்ம சீதனமா எனக்கு இதைத்தான் தாரேன்னா. உங்கப்பன்தான் மாப்ள வீட்ல மானம் போயிரும்னு தடுத்துட்டான்" என்றாள். அழவில்லை, ஆனால் கை அந்தத் தையல்களின் மேலேயே போய்வந்து கொண்டிருந்தது. அவளுக்கும் அதே சாக்கில் ஆச்சி தைத்துக்கொடுத்திருக்கிறாள். அவளும் அதே பள்ளிக்கூடம். "எனக்கென்ன, பாவாடைக்குள்ள கெடந்துச்சு. மழைக்காலத்துல அப்பிடிக் கதகதன்னு இருக்கும்" என்றாள்.

ஒரே தாய், ஒரே சாக்கு, ஒரே உவர்மண். தம்பிக்கு அது வாழ்நாள் முழுக்க ஒட்டிக்கொண்ட கேலிப்பெயர். அக்காவுக்கு அது கதகதப்பு. இந்த வித்தியாசத்துக்கு அவர்கள் குணம் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. பெண்பிள்ளைக்குத் தைத்தது உள்ளே போட்டுக்கொள்வது, ஆண்பிள்ளைக்குத் தைத்தது வெளியே போட்டுக்கொள்வது. அவ்வளவுதான். அத்தையின் எழுத்தை யாரும் படிக்கவில்லை.

அதன் பிறகுதான் போர்வையை மறுபடி எடுத்து ஒழுங்காகப் பார்த்தேன். அடிப்பக்கம் நாலு சாக்குகள் இணைத்தது. நாலையும் ஆச்சி எழுத்து உட்பக்கம் போகும்படித்தான் வைத்திருக்கிறாள். ஒன்றுகூட மாறவில்லை. அவளுக்கு இங்கிலீஷ் என்ன, தமிழே எழுத்துக்கூட்டத்தான் தெரியும். மகனின் டிராயருக்குப் பிறகு தைத்தது இது என்று பெரியத்தை சொன்னாள். அப்படியானால் அவளுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. மகனிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதாக அப்பாவுக்கு நினைவில்லை. அவள் துணியைத் திருப்பிப்போட்டாள். அறுபது வருடம் கழித்து அவள் பேத்தி இற்றுப்போன மூலையைப் பிடித்து அதை மறுபடி வெளியே திருப்பி, வெளிச்சம் பார்த்துப் படமெடுத்தாள். அந்த வாத்தியார் செய்ததற்கும் நான் செய்ததற்கும் நோக்கத்தில்தான் வித்தியாசம். நான் ஊர் உலகத்தையே எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்லியிருக்கிறேன்.

இந்தக் குற்றவுணர்ச்சியோடு இருந்தபோது, சாக்குத் துணிக்கு ஏங்குகிறவர்கள் வேறு எங்கெல்லாம் இருக்கிறார்கள் என்று தேடிப் படித்தேன். அந்தச் சாக்கின் சொந்த ஊரிலேயே இருக்கிறார்கள். அமெரிக்கக் கிராமங்களில் மாவும் மாட்டுத்தீவனமும் கோழித்தீவனமும் பருத்திப் பையில் வந்த காலம் ஒன்று உண்டு. பெண்கள் அதைப் பிரித்து உடுப்பும் ஒட்டுப்போர்வையும் தைத்தார்கள். அச்சு மையைப் போக்க ராத்திரி முழுக்கப் பன்றிக்கொழுப்போ மண்ணெண்ணெயோ தடவி ஊறவைத்தார்கள், ஆச்சியின் உவர்மண் மாதிரி. உள்ளாடையில் மாவுக் கம்பெனி பெயர் தெரிந்த கதைகள் அங்கேயும் ஏராளம். வித்தியாசம் அதற்குப் பிறகு வருகிறது. 1920களின் நடுவில் செயின்ட் லூயிஸ் நகரத்து மாவு மில் ஒன்று கட்டம் போட்ட துணியிலேயே பை தைத்து மாவு விற்றது. மற்றவர்களும் தொடர்ந்தார்கள். பூப்போட்டது, புள்ளி வைத்தது, குழந்தைகளுக்கென்று பொம்மை போட்டது. கம்பெனிப் பெயரை ஒரே அலசலில் போகிற மையில் அச்சடித்தார்கள், அல்லது உரித்தெடுக்கிற காகிதத்தில் ஒட்டினார்கள். உடுப்புக்கு மூன்று பை வேண்டும் என்றால், அதே பூப்போட்ட பையைத் தேடி எடுக்கச் சொல்லிப் பெண்கள் புருஷன்மாரைக் கடைக்கு அனுப்பினார்கள். பிறகு போட்டியே நடந்தது. கான்சாஸ் மாநிலத்துக் கால்டுவெல் என்கிற ஊரின் டோரதி ஓவரால் என்பவர், பருத்திப் பைத் தையல் ராணிப் போட்டிக்காக 1959-இல் தைத்த உடுப்பு ஒன்று இப்போது வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அப்பா அந்த டிராயரைப் போட்டதற்குச் சில வருடங்களுக்கு முன்னால்தான் அந்த உடுப்பு.

அங்கே ஏழைகள் இருந்ததில்லை, அவமானம் இருந்ததில்லை என்று சொல்லவரவில்லை. 1930களின் பஞ்சத்தில்தான் அந்தத் தையல் பரவியது. ஆனால் கான்சாஸ் பெண் காசு கொடுத்து மாவு வாங்கியவள். இந்தப் பூ பிடிக்கவில்லை என்றால் அடுத்த கம்பெனிக்குப் போய்விடுவாள். அதனால் கம்பெனி தன் பெயரைத் தானே அழித்துக்கொள்ளக் கற்றுக்கொண்டது. ஆச்சி எதையும் வாங்கவில்லை, அவளுக்குக் கொடுக்கப்பட்டது. கொடுத்தவர் பெயர் அழிந்துபோகிற மையில் எழுதப்பட வேண்டிய காரணம் யாருக்கும் இல்லை. சொல்லப்போனால் அழியக் கூடாது என்பதுதான் நோக்கம். 1965, 66 வறட்சியில் இந்தியா அந்தத் தானியத்தை நம்பியே மாதங்களைத் தள்ளியது. கப்பலிலிருந்து நேராக வாய்க்கு என்று அந்த நாட்களைச் சொல்வார்கள். அப்போது அதிபர் ஜான்சன் நம் அரசு பேசுகிற பேச்சைப் பார்த்துப் பார்த்துக் கோதுமையை மாதக் கணக்கில் அளந்துவிட்டார். குலுக்குகிற கையின் பிடி எவ்வளவு இறுக்கம் என்று தில்லிக்குத் தெரிந்திருந்தது. சாக்கில் அது கைகுலுக்கலாகத்தான் தெரிந்தது.

இன்னொரு பக்கமும் உண்டு. அந்த உப்புமா இல்லையென்றால் அப்பா பள்ளிக்கூடத்துக்கே போயிருக்க மாட்டார். இதை அவரே சொல்வார், கொஞ்சமும் தயங்காமல். "தின்னது நெசம். படிச்சது நெசம். அதுக்காக முதுகுல எழுதணுமா?" என்பதுதான் அவர் கேள்வி. முதுகு என்று மரியாதைக்குச் சொல்கிறார்.

முதல் உலகப்போரில் பெல்ஜியத்தில் நடந்தது எனக்கு மிகவும் பிடித்தது. ஜெர்மனி பிடித்துவைத்திருந்த அந்த நாட்டில் ஜனங்கள் பட்டினி. ஹெர்பர்ட் ஹூவர் தலைமையில் ஒரு நிவாரணக் குழு அமெரிக்க மாவை அனுப்பியது. பின்னாளில் அதிபரானாரே, அதே ஹூவர்தான். காலிப் பைகள் பெண்கள் கைக்குப் போயின. அவர்கள் அந்த அச்செழுத்தின் மேலேயே பட்டுநூலால் பூத்தையல் போட்டு, ஓரத்தில் சரிகை வைத்து, மில்லின் பெயர், மாநிலத்தின் பெயர் எல்லாம் ஜொலிக்கும்படி செய்து, நன்றி என்று திருப்பி அமெரிக்காவுக்கே அனுப்பினார்கள். பல நூறு பைகள் இன்றும் அயோவாவில் ஹூவரின் நினைவு நூலகத்தில் இருக்கின்றன. வாங்கிய கை கொடுத்த கையாகிற அழகு அதில் இருக்கிறது. முதலில் படித்தபோது, ஆச்சிக்கு ஏன் இது தோன்றவில்லை என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தேன். நினைத்ததற்கு வெட்கப்படுகிறேன். திருப்பி அனுப்புவதற்கு அவளிடம் ஒரு விலாசம் இல்லை. அதைவிட முக்கியம், அவள் வீட்டில் போர்த்திக்கொள்ள வேறு துணி இல்லை.

மதுரையில் 1921 செப்டம்பர் 22-ஆம் தேதி காந்தி மேல்சட்டையைக் கழற்றி முழத்துண்டுக்கு மாறினார். கதர் வாங்கக் காசில்லாதவர்களைப் பார்த்து எடுத்த முடிவு. அவரைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் அது எடுத்த முடிவு. நாளைக் காலை நினைத்தால் சட்டையைத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம் என்கிற வாசல் திறந்திருக்கும்போது எடுத்த முடிவு. இரண்டாயிரம் ரூபாய் சாயமில்லாக் குர்தாவை நான் போட்டுக்கொள்வதும் ஏறக்குறைய அந்த வரிசைதான், அவருடைய பெருமை எதுவும் இல்லாமல். 'கந்தையானாலும் கசக்கிக் கட்டு' என்பது கந்தையைத் தவிர வேறில்லாதவரிடம் சொன்ன பேச்சு. பீரோ நிறையத் துணி வைத்திருக்கிற நான் கந்தையின் அழகைப் பற்றிப் பேசும்போது அந்தப் பழமொழி தலைகீழாகிவிடுகிறது.

அப்படியானால் ஏங்கவே கூடாதா? அங்கேதான் நான் சிக்கிக்கொள்கிறேன். அப்பாவின் பேச்சைக் கேட்டு அந்தப் போர்வையை அவர் ஆசைப்பட்டபடி அடுப்பில் போட்டால், போவது அவருடைய அவமானம் மட்டும் இல்லை. ஆச்சியின் ஆயிரக்கணக்கான ஓட்டுத் தையலும் போகும். அவள் கையால் செய்து இந்த வீட்டில் மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான். அவளுக்கு ஒரு போட்டோகூட ஒழுங்காக இல்லை. அம்மா செய்துகொடுத்தது மகனைக் குத்தியது என்பதற்காக அவள் வேலையை அழிக்கும் உரிமை மகனுக்கு உண்டா? பெரியத்தையின் கதகதப்பு பொய்யா? அவள் அழகு பார்க்கவில்லை, வறுமையைப் புகழவில்லை, தன் அம்மாவை நினைக்கிறாள். நானும் அதைத்தான் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசை. ஆனால் 'எதையும் வீணாக்காத தலைமுறை' என்று எழுதியபோது ஆச்சியை நினைத்தேனா, என்னைப் பின்தொடர்கிறவர்களை நினைத்தேனா? வீணாக்க அவர்களிடம் என்ன இருந்தது?

நினைவில் வைத்துக்கொள்வது வேறு, காட்டுவது வேறு என்று ஒரு கோடு கிழித்துவிடலாமா என்று பார்த்தேன். அந்தக் கோடும் நிற்கவில்லை. காட்டாமல் விட்டால் எப்படி நினைவிருக்கும்? இந்த வயதில் எனக்கே இந்தச் சட்டம், இந்தச் சாக்கு, இந்தப் பெயர் எதுவும் தெரியாமல்தானே இருந்தது. மறைத்துவைத்த ஆச்சியின் கருணைதான் என்னை விவரமில்லாதவளாகவும் ஆக்கியிருக்கிறது.

இதெல்லாம் முடிந்துபோன காலத்துக் கதை என்றும் நினைக்க வேண்டாம். இன்று தீவனமும் மாவும் பிளாஸ்டிக் சாக்கில் வருகிறது, அதில் டிராயர் தைக்க முடியாது. அந்த இடத்துக்கு ஃபிளெக்ஸ் வந்துவிட்டது. சாலையோரக் குடிசைகளின் கூரையைப் பாருங்கள். கல்யாண வாழ்த்து, தலைவர் பிறந்தநாள், நடிகரின் முகம். எங்கள் மாட்டுத் தொழுவத்துக்கே ஒரு வேட்பாளர்தான் மழை காக்கிறார். அப்பா அவர் முகத்தை உட்பக்கமாகத் திருப்பித்தான் கட்டியிருக்கிறார். மாடு பார்க்கட்டும் என்பார். பள்ளிப் பிள்ளைகளின் இலவசப் பைகளில் முதலமைச்சர் படம் அச்சடிக்கிற வழக்கமும் இருந்தது. 2021-இல் ஆட்சி மாறியபோது, முந்தைய முதல்வர்கள் படம் போட்ட பைகள் மிச்சமிருந்தன. காசை வீணாக்காமல் அப்படியே கொடுங்கள் என்று புதிய அரசு சொன்னதை எல்லாரும் பாராட்டினோம், நானும்தான். அந்தப் பையை மாட்டிக்கொண்டு போகிற பிள்ளையின் முதுகு யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

படத்தை நீக்கிவிட்டேன். சென்னைக்காரருக்கு இல்லை என்று பதில் போட்டேன். போர்வையை யார் வைத்துக்கொள்வது என்று பேச்சு வந்தபோது அப்பா ஒன்றும் சொல்லவில்லை. பெரியத்தையே எடுத்துக்கொண்டாள். போவதற்கு முன்னால் இற்றுப்போன மூலையைத் தைத்துவிட வேண்டும் என்று கோணி ஊசி கேட்டாள். கண் தெரியாததால் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. என்னைக் கூப்பிடாமல், "ஏல தம்பி" என்று அப்பாவைக் கூப்பிட்டாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, நூல் முனையை எச்சில் தொட்டு முறுக்கி, கோத்துக் கொடுத்தார். அத்தை தைக்க ஆரம்பிக்கும் முன் மடிப்பை ஒருமுறை விரித்துப் பிடித்தாள், பார்க்கிறாயா என்கிற மாதிரி. அப்பா குனிந்து பார்த்தார்.

"அந்தக் கை ரெண்டும் இன்னும் அப்பிடியே இருக்கு பாரேன்" என்றார்.

அத்தை எழுத்தை உட்பக்கம் மடித்துத் தைத்தாள். அரை மணி நேரம் ஆனது.

இதை எழுதலாமா என்று போன வாரம் அப்பாவிடம் போனில் கேட்டேன். கொஞ்சநேரம் பேச்சே இல்லை. பின்னால் மாடு கத்துகிற சத்தம்.

"எழுது. படம் போடாத."

"உங்க பேரு வேண்டாம்லப்பா?"

"எம்பேரு எதுக்கு? அமெரிக்கானு போடு. நம்ம ஊர்க்காரன் எவனாவது படிச்சா அவனுக்குத் தெரிஞ்சா போதும்."